வாடகை டிராவல் டிரெய்லரில் முதல் கேம்பிங்: ஒன்டாரியோவில் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டொரன்டோ பக்கம் குடியேறி இரண்டு மூன்று கோடை கழிந்ததும் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "கூடாரம் வேண்டாம், மழை வந்தால் பிள்ளைகள் நனைந்துவிடும். டிரெய்லர் வாடகைக்கு எடுத்துப் போகலாமே." நல்ல யோசனைதான். கட்டில், கழிப்பறை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போக இதைவிட வசதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேம்பிங்கில் மறதியெல்லாம் சமாளிக்கக் கூடியவை. தலையணை மறந்தால் துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம், உப்பு மறந்தால் பக்கத்து இடத்தில் கேட்டு வாங்கலாம். டிரெய்லரின் எடை, காரோடு மாட்டும் முறை, பிரேக், கேஸ், கழிவுத் தொட்டி ஆகிய ஐந்தில் மட்டும் அலட்சியம் கூடாது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த ஐந்தைப் பற்றித்தான்.

நீங்களே இழுப்பதா, கொண்டுவந்து தரச் சொல்வதா?

ஆர்வீஸி, அவுட்டோர்சி போன்ற தளங்களில் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தனித்தனியாக வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களில் பலர் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, நீங்கள் பதிவு செய்த கேம்ப்கிரவுண்டுக்கே டிரெய்லரை இழுத்து வந்து, மட்டம் பார்த்து, மின்சாரம் கொடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் வழக்கமான காரில் போய் இறங்கினால் போதும்.

முதல் முறைக்கு இதையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. டிரெய்லர் ஓட்டுவதும் டிரெய்லரில் தங்குவதும் தனித்தனியாகப் பழக வேண்டியவை. இரண்டையும் ஒரே வார இறுதியில் பழகினால் ஓட்டிய களைப்பில் தங்கும் சுகம் போய்விடும். நல்ல இழுவைத் திறனுள்ள வண்டி இருக்கிறது, ஓட்டிப் பழக ஆசையும் இருக்கிறது என்பவர்களுக்குத்தான் அடுத்த பகுதி. மற்றவர்கள் இட முன்பதிவுக்குத் தாவிவிடலாம்.

கார் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

"என் வண்டி 5,000 பவுண்டு இழுக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். டொயோட்டா சியன்னாவுக்கு 3,500 பவுண்டு, ஆல்-வீல் டிரைவ் ஹோண்டா பைலட்டுக்கு 5,000 பவுண்டு என்று நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே வேறோர் எல்லை வந்து நிற்கும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். டிரெய்லரின் முன்மூக்கு காரின் பின்னால் இருக்கும் கொக்கியில் (ஹிட்ச்) அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அந்த அழுத்தம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் 600 பவுண்டு. பின்னால் பெட்டி, சைக்கிள், குளிர்பெட்டி 150. டிரெய்லர் சாமானோடு 3,800 பவுண்டு. அதில் 12 சதவீதம் 456. கூட்டினால் 1,206. இழுவைத் திறன் 5,000 என்றிருந்தும் வண்டி எல்லையைத் தாண்டிவிட்டது. இதில் ஹிட்ச்சின் எடையைச் சேர்க்கவே இல்லை.

விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் காலி டிரெய்லரின் எடை. நீங்கள் கேட்க வேண்டியது ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது முழுக்க ஏற்றியபின் அது எட்டக்கூடிய உச்ச எடை. அந்த எண் உங்கள் காரின் இழுவைத் திறனுக்கு நல்ல இடைவெளி விட்டுக் கீழே இருக்கட்டும். 20 சதவீதமாவது விட்டுவையுங்கள். வண்டியின் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் வரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காற்றைத் தள்ளிக்கொண்டு போவதும் எஞ்சினுக்கு ஒரு சுமைதான்.

ஒன்டாரியோவில் முழு ஜி லைசன்ஸ் இருந்தால் 4,600 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். காரும் டிரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக் கூடாது. வாடகை டிரெய்லர்கள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் மொத்த எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அந்த பிரேக்கை இயக்க உங்கள் காரில் பிரேக் கன்ட்ரோலரும் 7 முனை பிளக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பயணத்துக்குச் சில வாரம் முன்பே கடையில் பொருத்திவிடுங்கள். முந்தின நாள் அலைந்தால் கிடைக்காது.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு போன் போடுங்கள். இழுத்துச் செல்லும்போது டிரெய்லர் பிறருக்கு ஏற்படுத்தும் சேதம் என் பாலிசியில் அடங்குமா? டிரெய்லருக்கே சேதம் வந்தால் யார் பொறுப்பு? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடிப்பது

ஒன்டாரியோ பார்க்ஸில், அதாவது மாகாண அரசின் பூங்காக்களில், நீங்கள் போய்ச் சேரும் நாளுக்கு 5 மாதம் முன்பு, காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலை 10 போக வேண்டுமென்றால் பிப்ரவரி 10 காலை 7 மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். ஏரிக்கரை இடங்கள் சில நிமிடத்தில் போய்விடும். தவறவிட்டாலும் கவலை வேண்டாம், பதிவை ரத்து செய்பவர்கள் வாராவாரம் இருக்கிறார்கள். வார நாட்களில் பார்த்தால் கிடைக்கும்.

முதல் பயணம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கட்டும், இரண்டு மூன்று இரவு போதும். ஓஷாவாவைத் தாண்டி ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் டார்லிங்டன், சிம்கோ ஏரியில் சிபால்ட் பாயின்ட், ஓக்வில் பக்கம் பிரான்டே கிரீக் ஆகிய மூன்றும் டொரன்டோவாசிகளுக்கு ஏற்றவை. டார்லிங்டனில் 401 நெடுஞ்சாலைச் சத்தம் லேசாகக் கேட்கும். ஆனால் ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் அரை மணி நேரத்தில் கடைக்குப் போய் வரலாம். சாண்ட்பேங்க்ஸின் மணற்கரை, கில்பேரின் பாறைக்கரை, அல்கான்குவின் காடு எல்லாம் கை பழகியபின் பார்க்க வேண்டியவை. அல்கான்குவினில் மின்சார வசதியோடு வேண்டுமென்றால் மியூ லேக் பகுதியைத் தேடுங்கள். அந்தப் பக்கம் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை கருப்பு ஈ கடித்துக் குதறிவிடும் என்பதையும் மனதில் வைத்து நாள் குறியுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: மின்சாரம் உண்டா, டிரெய்லரின் மொத்த நீளத்துக்கு இடம் போதுமா, நேராக நுழைந்து நேராக வெளியேறும் வகையா. மூன்றாவது வகை அரிது. கிடைத்தால் விடாதீர்கள், பின்னால் எடுக்கும் வேலையே இருக்காது. ஓர் இடத்தில் 6 பேர்தான் தங்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் அடுத்தடுத்து இரண்டு இடம் பதிவு செய்யுங்கள்.

டிரெய்லரைக் கையில் வாங்கும்போது

உரிமையாளர் ஒரு மணி நேரமாவது செலவழித்து எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். அவர் பேசுவதை முழுவதும் கைபேசியில் வீடியோ எடுங்கள். இரவு 10 மணிக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அந்த வீடியோதான் கைகொடுக்கும். ஏற்கெனவே இருக்கும் கீறல், கூரை ஓரம், டயர், உள்ளே தண்ணீர் கசிந்த கறை ஆகியவற்றையும் அவர் முன்னிலையிலேயே படம் பிடித்துவிடுங்கள்.

டயரை நன்றாகப் பார்க்க வேண்டும். டிரெய்லர் டயர் தேய்வதைவிட வெயிலிலும் வயதிலும்தான் அதிகம் கெடுகிறது. பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் வேறு டிரெய்லர் கேளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. காற்று, ஓட்டுவதற்கு முன் டயர் சூடேறாத நிலையில் டிரெய்லர் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் குளிர ஏறக்குறைய ஒரு ராத்திரி ஆகும். முந்தின நாளே போட்டு வைக்கும்படி உரிமையாளரிடம் கேளுங்கள்.

மாட்டும் வரிசை

இந்த வேலையை ஒருவரே தொடங்கி முடிக்க வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து சரிபாருங்கள்.

1. டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.
2. காரைப் பின்னால் எடுத்து, ஹிட்ச் உருண்டை டிரெய்லர் மூக்கின் குழிக்கு நேர் கீழே வரும்படி நிறுத்துங்கள். உருண்டையின் அளவு 2 அங்குலமா 2 5/16 அங்குலமா என்பது குழியின் மேல் பொறித்திருக்கும். பெரிய குழியில் சின்ன உருண்டை உட்கார்ந்ததுபோலத் தெரியும், முதல் மேட்டில் கழன்றுவிடும்.
3. ஜாக்கியைச் சுற்றி மூக்கை இறக்குங்கள். தாழ்ப்பாளை மூடிப் பின்னைச் செருகுங்கள்.
4. இப்போது ஜாக்கியை எதிர்த்திசையில் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். கூடவே காரின் பின்பக்கமும் லேசாக எழும்ப வேண்டும். எழும்பினால் சரியாகக் கவ்வியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது.
5. இரண்டு சங்கிலிகளையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழுந்து நிற்கும். தரையில் உரசும் அளவு நீளம் விடாதீர்கள்.
6. மெல்லிய கம்பி ஒன்று தனியாக இருக்கும். டிரெய்லர் முழுதாகக் கழன்று போனால் அது இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் போடும். அதைச் சங்கிலியில் கோக்காமல் காரின் சட்டத்தில் நேராக மாட்டுங்கள்.
7. பிளக்கைச் செருகி விளக்குகளைச் சரிபாருங்கள். ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக், இடது, வலது என்று போட, இன்னொருவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும்.
8. ஜாக்கியை முழுக்க மேலே ஏற்றுங்கள். படிக்கட்டு மடித்ததா, கூரை ஜன்னல் மூடியதா, கேஸ் சிலிண்டர் அடைத்ததா என்று ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆப்புக் கட்டையை எடுப்பது கடைசி வேலை.

காலி இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டி, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்துங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

சாலையில்

டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, அது சட்டம். குழந்தை தூங்குகிறது என்று கட்டிலில் விட்டுவிட்டு ஓட்டுவது நினைத்துப் பார்க்கவே கூடாத காரியம்.

வேகம் 90-95 கிலோமீட்டர் போதும். டிரெய்லர் டயர்கள் பலவற்றின் வேக வரம்பே மணிக்கு 105 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நன்றாக முன்னே போய்த் திரும்புங்கள். பெட்ரோல் ஏறக்குறைய இரட்டிப்பாகச் செலவாகும், உயரமும் 3 மீட்டரைத் தாண்டும். காபி வாங்க டிரைவ்-த்ரூவுக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதல் அரை மணி நேரத்தில் ஒரு தடவை நிறுத்தி, சங்கிலி, பின், சக்கர நட்டு எல்லாவற்றையும் பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதியில் கை வைத்தால் ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பெரிய லாரி தாண்டும்போது டிரெய்லர் ஆடினால் கால் பிரேக்கை மிதிக்க வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் போடுங்கள். ஆட்டம் அடங்கும். அடிக்கடி ஆடினால் பின்பக்கம் கனம் கூடிவிட்டது என்று பொருள். ஓரங்கட்டிச் சாமானை முன்னுக்கு மாற்றுங்கள்.

பின்னால் எடுப்பதற்கு ஒரே சூத்திரம்: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லர் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கோணம் பிசகினால் முன்னே போய் மறுபடி வாருங்கள். வழிகாட்டுகிறவர் கண்ணாடியில் தெரியாத நொடியில் வண்டியை நிறுத்துங்கள். மேலே மரக்கிளை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கணவன் மனைவிக்குள் சண்டை வருவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். "இடது, வலது" என்று கத்துவதைவிட "ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம்" என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

மட்டம் பார்த்து நிறுத்துதல்

உள்ளே தரையில் ஒரு சின்ன ரசமட்டம் வையுங்கள். பக்கவாட்டு மட்டத்தைக் காரோடு மாட்டியிருக்கும்போதே சரிசெய்ய வேண்டும்: எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ஏற்றுங்கள். பிறகு ஆப்புக் கட்டை. அதன்பின்தான் காரைக் கழற்ற வேண்டும். முன்பின் மட்டம் ஜாக்கியால் சரியாகும். கடைசியாக நான்கு மூலை முட்டுக்கால்களையும் தரையைத் தொடும்வரை இறக்குங்கள். அவை ஆட்டத்தைக் குறைக்கத்தான், டிரெய்லரைத் தூக்க அவற்றைப் பயன்படுத்தினால் வளைந்துவிடும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சாய்ந்திருந்தால் வேலை செய்யாது, கெட்டும் போகும். மட்டத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது அதற்காகவும்தான்.

மின்சாரம், தண்ணீர், கேஸ்

30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏ.சி. சுமார் 13 ஆம்பியர் எடுக்கும், 1,500 வாட் கெட்டில் 12.5 ஆம்பியர். இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் ஃப்யூஸ் விழும். டீ போடும் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்துவது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஒன்டாரியோ பார்க்ஸில் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் மட்டும்தான் இருக்கும், தண்ணீர்க் குழாய் கிடையாது. பூங்காவுக்குள் நுழைந்ததும் தண்ணீர் நிரப்பும் இடத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு உங்கள் இடத்துக்குப் போங்கள். வீட்டிலிருந்தே நிரப்பி வர வேண்டாம். 114 லிட்டர் தொட்டி என்றால் 114 கிலோ கூடுதல் சுமை. குடிநீருக்கென்று தனி வெள்ளை ஹோஸ் பைப் இருக்கும், வேறெதையும் அதில் மாட்டாதீர்கள். வெந்நீர் ஹீட்டரைப் போடுவதற்கு முன் சமையல் தொட்டியின் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் தடையின்றி வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் இல்லாமல் சுவிட்சைத் தட்டினால் ஹீட்டர் எரிந்து, வைப்புத்தொகை போய்விடும்.

கேஸ் சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறங்கள். படக்கென்று திறந்தால் பாதுகாப்புப் பூட்டு கேஸ் ஓட்டத்தைக் குறைத்துவிடும், அடுப்பு சரியாக எரியாது. அப்படி ஆனால் மூடி, சற்றுப் பொறுத்து மறுபடி மெல்லத் திறங்கள்.

சமையல், நெருப்பு, கரடி

டிரெய்லருக்குள் தாளிக்காதீர்கள். கடுகு வெடித்து வரமிளகாய் கருகும் முன்பே புகை அலாரம் அலறும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதே கூரையின் கீழ் கேஸோடு தூங்கப் போகிறீர்கள், அதில் கை வைக்க வேண்டாம். வெளியே மேசையில் சின்ன கேஸ் அடுப்பு வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் தாளிக்கலாம். முதல் நாள் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் வந்த களைப்பில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். தோசை மாவை இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் பாதி அளவு மட்டும் வையுங்கள். பொங்கினால் ஃபிரிட்ஜைக் கழுவும் வேலை உங்களுக்குத்தான்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆஷ் (ash) மரங்களைக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் வண்டு போன்ற பூச்சிகள் விறகோடு பயணம் செய்து புதுக் காடுகளில் பரவுகின்றன. பூங்காவிலேயே விற்பார்கள். நெருப்புத் தடை அறிவிப்பு இருக்கிறதா என்று வாசலில் கேளுங்கள்.

வடக்கே போனால் கருங்கரடி உண்டு. இரவிலும் நீங்கள் இடத்தில் இல்லாத நேரத்திலும் உணவு, குளிர்பெட்டி, அழுக்குப் பாத்திரம், குப்பை, பற்பசை என்று வாசனையுள்ள எதுவும் வெளியே இருக்கக் கூடாது. காரிலோ டிரெய்லரிலோ பூட்டுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைப் பல நேரம் சுட்டுக் கொல்ல வேண்டி வருகிறது. மேசையில் விட்ட ஒரு பிரியாணிச் சட்டி அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

இரவில் அமைதி நேரம் உண்டு, எத்தனை மணி முதல் என்று வாசலில் கேளுங்கள்.

கழிவுத் தொட்டி

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். வரிசை தெரிந்தால் பதினைந்து நிமிட வேலை.

டிரெய்லரில் இரண்டு கழிவுத் தொட்டி. கழிப்பறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று. பயன்படுத்தும் நாட்களில் இரண்டு வால்வும் மூடியே இருக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் ஆரம்பத்திலேயே சில லிட்டர் தண்ணீரும் கழிவுத் தொட்டிக்கென்றே விற்கும் மருந்தும் ஊற்றுங்கள். அடியில் தண்ணீர் இல்லாவிட்டால் கழிவு குவிந்து இறுகிவிடும். சீக்கிரம் கரையும் காகிதம் தவிர வேறெதுவும் போடக் கூடாது, ஈரத்துடைப்பான் கூடவே கூடாது. பூங்காவின் பொதுக் கழிப்பறையையும் குளியலறையையும் பகலில் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குத் தொட்டி தாராளமாகத் தாங்கும்.

கிளம்பும் நாள் வெளியேறும் வழியில் கழிவு இறக்கும் நிலையத்தில் நிறுத்துங்கள். கையுறை போடுங்கள். வால்வுகள் மூடியிருப்பதை உறுதிசெய்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றி 3 அங்குலக் குழாயை மாட்ட வேண்டும். மறுமுனையைத் தரைத் துளைக்குள் நன்றாக இறக்கி, மேலே ஒரு கல்லை வையுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டியின் வால்வு. அது முழுக்க வடிந்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அலசி, மூடியபின் குளியல் தண்ணீரின் வால்வு. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். குழாயை அலசி அதற்குரிய இடத்தில் வைத்து, கையுறையைக் குப்பையில் போட்டு, கை கழுவுங்கள். நல்ல தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இந்தக் கையோடு போகவே கூடாது.

திருப்பிக் கொடுப்பது

இடத்தைக் காலி செய்ய மதியம் 2 மணி வரை நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை 1 மணிக்கு மேல் கழிவு நிலையத்தில் வரிசை நீளும். 11 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மாட்டும் எட்டுப் படியும் திரும்பவும் முதலிலிருந்து. வெளிநிழற்கூரையைச் சுருட்டினீர்களா, மின்கம்பியைக் கழற்றினீர்களா, முட்டுக்கால்களை ஏற்றினீர்களா என்று பார்த்துவிட்டு வண்டியை 20 அடி நகர்த்தி நிறுத்துங்கள். இறங்கி வந்து பழைய இடத்தைப் பார்த்தால் மறந்த பலகையும் ஆப்புக் கட்டையும் அங்கே கிடக்கும்.

உரிமையாளர் வீட்டில் அவரோடு சேர்ந்து மறுபடி ஒரு வீடியோ எடுங்கள். ஏதாவது உடைந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், மூடினால் ஒரே நாளில் பூஞ்சை வாடை வரும்.